பண்டமாரானிலிருந்து வந்த கடிதங்கள்

எங்கள் பத்திரிகையில் கம்ப்யூட்டரைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் நான். கோலாலம்பூரில் தமிழ்ப் பத்திரிகையாளர்களும் கணினிக்காரர்களும் இரண்டு நாள் கூடிப் பேசப் போகிறார்கள் என்று அழைப்பு வந்தபோது, ஆசிரியர் அதை என் மேசையில் போட்டுவிட்டுப் போனதற்கு அதுதான் காரணம். நான் உடனே சரி என்றதற்குக் காரணம் வேறு. அழைப்பின் அடியில் ஏற்பாட்டாளர்களின் பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று பாலேந்திரன்; ஊர் பண்டமாரான், கிள்ளான்.

மூன்று வருடமாக எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் அவர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊருக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒருவர் அடித்த தமிழை இன்னொருவர் கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். மலேசியாவிலிருந்து சென்னை வந்திருந்த வாசகர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் ஒரு ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு தமிழ் எழுத்துரு இருந்தது. எழுத்துகள் அத்தனை அழகு. ஆனால் ழகரத்தின் வால் அடுத்த வரியை இடித்தது. ஒற்றைக்கொம்பு எழுத்தைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றது. ஃப்ளாப்பியில் இருந்த முகவரிக்கு, குறைகளை வரிசையாக எழுதி அனுப்பினேன்.

பதில் கையெழுத்தில் வந்தது, கூடவே ஒரு புதிய ஃப்ளாப்பியும். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், “ழகரத்தின் வாலை மடக்கிவிட்டோம். மடக்கும்போது அதற்கு வலித்திருக்குமோ என்று தோன்றியது” என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காக நான் மறுபடியும் எழுதினேன்.

அதன்பிறகு எழுத்துருவைப் பற்றிய பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாயங்காலங்களில் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல்களைப் பார்ப்பது, வேலை முடிந்து வந்து வானொலிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது, பக்கத்து வீட்டு மைனா மூன்று மொழியில் திட்டுவது எல்லாம் கடிதத்தில் வந்தன. நானும் என் அம்மாவின் நோயைப் பற்றி எழுதினேன். அம்மா இறந்தபோது நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அதில் ஆறுதல் என்று ஒரு வார்த்தை கிடையாது. “வீட்டில் எந்தக் குழாய் சொட்டுகிறது என்பதுகூட இனிமேல்தான் உங்களுக்குக் கேட்கும்” என்று இருந்தது. அன்று ராத்திரி உண்மையாகவே கேட்டது.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. இதற்குமேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். பயணத்துக்கென்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை வாங்கினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய விடுதியில் இடம் போட்டிருந்தார்கள். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் கீழே பூக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மந்தைவெளி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருப்பது போலவே வாளித் தண்ணீரும் ஈரச்சாக்கும் மல்லிகையும். தெருவில் இறங்கினால்தான் வித்தியாசம் தெரிகிறது. சாலையில் காலை வைத்தால் கார் நிற்கிறது. எனக்காக நிற்கிறது என்று புரியாமல் நானும் நின்றேன். ஓட்டுநர் கையை அசைத்தார். நானும் மரியாதைக்குக் கையை அசைத்தேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் கடந்தேன்.

மூலைக் கடையில் காபி கேட்டேன். கண்ணாடிக் குவளையின் அடியில் இரண்டு விரற்கடைக்குக் கெட்டிப்பால் படிந்திருந்தது. கலக்காமல் குடித்துவிட்டுக் கசக்கிறதே என்று முகத்தைச் சுளித்தேன். கடைக்காரர், “கலக்கிக் குடிங்க ஆன்டி” என்றார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். கத்தரிப்பூச் சேலைக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

கூட்டம் நடந்தது ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில். பத்திரிகைக்காரர்களுக்குச் சட்டையில் சிவப்பு ரிப்பன், கணினிக்காரர்களுக்கு நீலம். சிவப்பும் நீலமும் எதிரெதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். மணி அடித்ததும் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டுப் பக்கம் பெண் பார்க்கும்போதுகூட இத்தனை ஒழுங்கு கிடையாது. நாங்கள் அவர்களிடம் எழுத்து ஏன் கட்டமாகிறது என்று கேட்டோம். நீங்கள் எல்லோரும் ஏன் ஒரே விசைப்பலகைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் பதில் இல்லாததால் பத்து நிமிடம் சுமுகமாகவே போயிற்று.

நான் ஒவ்வொரு மணிக்கும் நீல ரிப்பன்களின் கீழே பெயரைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். ஐந்தாவது நாற்காலியில் அவர் இருந்தார்.

நான் நினைத்து வைத்திருந்ததைவிட உயரம், தடித்த கண்ணாடி, காதோரம் லேசான நரை. நான் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் கையைப் பற்றிக் குலுக்கினார். “கோமதி மேடம். எங்க ஃபாண்டுக்கு உங்களை மாதிரி யாருமே ஹெல்ப் பண்ணலை” என்றார். மேடம் என்ற வார்த்தை எங்கோ இடித்தது. கூச்சமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய துணி கட்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் தன் எழுத்துருவில் தனித்தனித் தாளில் அச்சடித்து, அவரே உட்கார்ந்து ஒட்டியதாம். பெருமையாகக் காட்டினார். ‘கணினி வல்லுநர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கணினி வலலுநர’ என்று இருந்தது. இரண்டு புள்ளிகளைக் காணோம். பத்திரிகைக்காரிக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் துணியை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை போயிற்று, திரும்பி வந்தது, எங்கேயும் நிற்கவில்லை. எந்த எழுத்து என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மதியம் சாப்பிடப் பக்கத்திலிருந்த வாழை இலைக் கடைக்கு என்னைக் கூட்டிப் போனார். சோறு, மூன்று கறி, நண்டுப் பிரட்டல், கேட்காமலே குவித்த அப்பளம். நம்மூர் ரசத்தைவிடக் காட்டமாக ஒரு ரசத்தைக் குவளையில் வைத்தார்கள். இடையிடையே அந்த ஊர் ‘லா’ சேர்த்து அவர் நன்றாகப் பேசினார். துறைமுகத்தில் கப்பல் கம்பெனியில் வேலை, மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரண்டு பெண் குழந்தைகள். மனைவி என்ற சொல் அந்த மூன்று வருடக் கடிதங்களில் ஒருமுறைகூட வந்ததில்லை. நண்டின் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே வைப்பது என்று யோசிப்பவள் போல இருந்தேன்.

ஆனாலும் சொல்லிவிட நினைத்ததைச் சொன்னேன். அம்மா போன பிறகு நீங்கள் எழுதிய கடிதத்தை இன்னமும் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன் என்றேன்.

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது.

“சாரி மேடம், உங்க அம்மா இறந்துட்டாங்களா? எப்போ?”

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. உண்மையான வருத்தம் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் இடதுகையால் வாங்கிப் பார்த்தார். படிக்கவில்லை, பார்த்தார்.

“இது அக்கா கையெழுத்துலா” என்றார். “நான் இங்கிலிஷ் ஸ்கூல், மேடம். தமிழ் பேசுவேன், படிக்க வராது. லெட்டர் எல்லாம் அக்காதான். நான் நாலு லைன் சொல்வேன், அவங்க நாலு பக்கம் எழுதுவாங்க. ஏன்க்கா இவ்வளவுன்னு கேட்டா, தமிழ்ல எழுதினா இடம் நிறைய வேணும்னு சொன்னாங்க.”

அக்காவின் பழைய பள்ளிப் புத்தகத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் படம் போல வளைவு வளைவாக வரைந்து அவர் அந்த எழுத்துருவை உண்டாக்கியிருக்கிறார். எது என்ன எழுத்து என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவர் அக்கா யோகராணி. அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதே வீட்டில் கீழ் அறையில் இருப்பவர். அச்சுக்குப் போகும் எதையும் அவர்தான் பார்த்துக் கொடுப்பாராம். இந்தத் துணியை மட்டும் பார்க்கவில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா இந்தக் கூட்டத்தின் பக்கமே திரும்பவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்றார்.

எனக்குத் தெரிந்தது. ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு இலையை மடித்தேன்.

இரண்டாம் நாள் காலை நான் போனபோது பாலேந்திரன் ஒரு நாற்காலியின் மேல் கறுப்பு மை பேனாவோடு நின்றுகொண்டிருந்தார். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார். நான் கீழே நின்று வழி சொன்னேன். எழுத்தின் தலைக்கு மேல் நடுமத்தியில், அளவெடுத்தது போல அந்த இரண்டு புள்ளிகளையும் வைத்தார். இவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை என்று அப்போது தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று நானும் மேடையேறிப் பத்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். என்ன பேசினேன் என்பது நினைவில்லை. மதியம் அவரிடம், நாளை உங்கள் அக்காவைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, அக்கா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார் என்றார். காரில் அழைத்துப் போகிறேன் என்றவரிடம் வேண்டாம் என்றேன். அந்த முகவரிக்கு மூன்று வருடமாக நான் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், குவிமாடங்கள் வைத்த பழைய ரயில் நிலையத்திலிருந்து கிள்ளானுக்குக் கம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறினேன். கதவு தானாக மூடிக்கொள்கிறது. படிக்கட்டில் தொங்க ஆள் இல்லாத ரயிலைப் பார்த்தால் ஏதோ குறைவதுபோல இருக்கிறது. கிள்ளானில் இறங்கினால் தெரு முழுக்கச் சேலைக் கடை, நகைக் கடை, எண்ணெயில் வடை வேகும் வாசனை. பண்டமாரான் பஸ் எது என்று விசாரித்தேன். பழக்கடைக்காரர் காட்டிய பக்கம் இரண்டு பஸ் நின்றன. நான் தவறான பஸ்ஸில் ஏறினேன்.

அரைமணி நேரம் போன பிறகும் துறைமுகத்தைக் காணோம். ஜன்னலுக்கு வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். தயங்கித்தான் தொட்டு எழுப்பிக் கேட்டேன்.

“பண்டமாரானா? அக்கா, இது காப்பார் போற பஸ்லா” என்றாள். “வாங்க, என் கூட இறங்குங்க.”

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, ஓவர்டைமும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள். திரும்பிப் போகிற பஸ் வரும்வரை என்னோடு சாலையோரத்தில் நின்றாள். பையில் பொட்டலமாக வைத்திருந்த நாசி லெமாக்கைப் பிரித்துப் பாதியை எனக்குத் தந்தாள். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, நெத்திலி, காரமான சம்பல். பசி என்பதே அதைத் தின்ற பிறகுதான் தெரிந்தது. யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். சிநேகிதர் வீடு என்றேன். வெகுநாள் பழக்கமா என்றாள். மூன்று வருடம், ஆனால் இன்னும் பார்த்ததில்லை என்றேன். அவள் மிச்சமிருந்த நெத்திலியையும் என் பக்கம் தள்ளினாள். பஸ் வந்ததும் ஓட்டுநரிடம் மலாயில் ஏதோ சொல்லி என்னை ஏற்றிவிட்டாள்.

பண்டமாரானில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி இரண்டு. உயரமான இரும்புக் கதவு, உள்ளே செருப்புகள் வரிசையாக. மணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது. மெலிந்த உடம்பு, இழுத்துக் கட்டிய கொண்டை, பூப்போட்ட வீட்டுச் சட்டை. என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

“வாங்கோ” என்றார். “வெயிலுக்குள்ள நிக்காதீங்கோ.”

அவர்களுடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். தம்பி பேச்சில் கரைந்துபோன அந்த ஊர்த் தமிழ் அக்காவிடம் மிச்சம் இருந்தது. மேசை மேல் புட்டும் சொதியும் மீன்கறியும் மூடி வைத்திருந்தார். வரச் சொல்லாதவர் காலையிலிருந்து சமைத்திருக்கிறார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்து வீட்டு மைனா மலாயில் யாரையோ திட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டேன். அவரும் அடக்கிக்கொண்டார்.

கை கழுவிய பிறகு ஒரு ஃபைலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். என் கடிதங்கள் எல்லாம் அலுவலகத்தில் செய்வது போல ஓட்டை போட்டு, வந்த வரிசையில் கோர்த்திருந்தன.

“நான் ஒரு பொய்யும் எழுதேல்லை” என்றார். “கப்பல் பாக்கப் போனது நான். தனிய இருந்து சாப்பிட்டது நான். கீழ போட்ட பேர் ஒண்டுதான் என்ர பேர் இல்லை.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். போனேன், வந்தேன், சாப்பிட்டேன் என்று எழுதினால் தமிழில் ஆணா பெண்ணா என்று தெரியாது. மூன்று வருடக் கடிதங்களில் அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் என்னை ஏமாற்றவில்லை. மிச்சம் முழுக்க நானாகச் சேர்த்துக்கொண்டது.

முதல் கடிதம் தம்பி பெயருக்கு வந்ததால் தம்பி பெயரில் பதில் எழுதினேன் என்றார். மூன்றாவது கடிதத்திலாவது சொல்லியிருக்க வேண்டுமாம். அதற்குள் என் அம்மாவின் நோயைப் பற்றி நான் எழுதிவிட்டேன். அதன்பிறகு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லையாம். “கந்தோர் வேலையில முழுக்க மலாயும் இங்கிலிஷும்தான். தமிழில எழுத எனக்கு உங்கட கடிதம் ஒண்டுதான் இருந்தது” என்றார்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்தது அழுகை. எனக்கென்று ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் ஃபைலை மூடிக் கையை மேசை மேல் வைத்தார்.

“நான் இருக்கிறன்தானே” என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். குழாய் சொட்டுவதை எழுதிய கை என் முன்னால் மேசை மேல் இருந்தது, மஞ்சள் கறையோடு. அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த வரிகளை நான் மூன்று வருடமாக வேறொரு குரலில் கேட்டுப் பழகியிருந்தேன். அந்தக் குரல் இந்த வீட்டில் எங்கும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொதி மிகவும் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

நான்கு மணிக்கு மேல் பஸ் பிடித்து என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனார். நான் மனத்தில் வரைந்து வைத்திருந்தது ஏதோ அலையடிக்கும் கடற்கரை. அங்கே கலங்கிய நீரும் பாரந்தூக்கிகளும் அடுக்கடுக்காகச் சரக்குப் பெட்டிகளும்தான். எங்கே நின்று பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு கம்பித் தடுப்பைக் காட்டினார். இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு கப்பல் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. அது எந்த ஊர்க் கப்பல் என்று அவர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். அந்த இடத்துக்கு மனத்துக்குள் நான் எத்தனை தடவை வந்திருக்கிறேன், யாரோடு வந்திருக்கிறேன் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

துறைமுக ரயில் நிலையம் அங்கேயே இருந்தது. ரயிலில் ஏறிக் கதவோரம் உட்கார்ந்தேன். அவர் கதவுக்கு வெளியே நின்றார். கதவு மூடுவதற்குள் குனிந்து, இனியும் எழுதுவீர்களா என்று கேட்டார். எழுதுவேன் என்றேன்.

“ஆருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

சென்னைக்கு வந்த பிறகு ஒரு மாதம் எழுதவில்லை. பிறகு ஒருநாள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து, அன்புள்ள யோகராணி அக்கா என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்துவிட்டது. அவர் சொந்தப் பெயரில் எழுதிய முதல் கடிதம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கியது. தம்பி நலம், பிள்ளைகள் நலம், எழுத்துருவின் புதிய பதிப்பு தயாராகிறது. ஒரே பக்கம். அரசாங்க அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் போல இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

முதலில், என்மேல் வருத்தமோ என்று நினைத்தேன். ஐந்தாறு கடிதம் போன பிறகுதான் புரிந்தது. அவரால் முடியவில்லை. தம்பியின் பெயருக்குள் உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் எழுதிய கை, சொந்தப் பெயரைப் போட்டதும் கூச்சத்தில் மடங்கிக்கொண்டது. நான் மட்டும்தான் ஒருவரை இழந்துவிட்டேன் என்று எண்ணியிருந்தேன். அவரும் அதே ஆளை இழந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அதை நான் அவருக்கு எழுதவில்லை. எப்படி எழுதுவது? நானும் நலம், மழை இல்லை, பத்திரிகை விலை ஏறிவிட்டது என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் மலேசியா முழுக்கப் புகைமூட்டம் என்று செய்தி வந்தது. அந்தப் பக்கத்தைத் தயாரித்தவள் நான்தான். அந்த வாரம் அவரிடமிருந்து ஒரு கடிதம். தம்பி நலம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, நீங்கள் நலமா. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, கீழே மிச்சமிருந்த இடத்தில் இரண்டு வரி சின்னதாக எழுதியிருந்தார்.

“இங்கே நான்கு நாளாகப் புகை. மத்தியானத்தில்கூடச் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிகிறது. அவர் இருந்திருந்தால் இதை உங்களுக்கு நன்றாக எழுதியிருப்பார்.”